பிரசங்கத்துக்கு ஒரு உயர ஸ்டூல்: முடக்குவாதக்காரனின் மதிப்புரை

முடக்குவாதம் உள்ள போதகர்கள் சாதாரண நாற்காலி வாங்க வேண்டாம். அதில் உட்கார்ந்தால் இடுப்பு முழங்கால் மட்டத்துக்கு இறங்கிவிடும்; எழும்போது வீங்கிய முழங்கால்தான் மொத்த உடம்பையும் தூக்க வேண்டும். நான் வாங்கியது உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய ஸ்டூல். சிறிய முதுகுச் சாய்மானமும், கால் வைக்க வட்டக் கம்பியும் உண்டு. இருக்கையை நன்றாக ஏற்றி வைத்தால் பாதி நின்றதுபோல இருக்கலாம். எழுவதற்கு லேசாக முன்னால் சாய்ந்தால் போதும்.

இந்த நோய்க்குக் காலை நேரம் ஆகாது. விழித்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் மூட்டுகள் இறுகியே கிடக்கும். ஞாயிறு ஆராதனையோ காலையில்தான். முன்பெல்லாம் பிரசங்கத்தின் பின்பாதியில் வசனத்தைவிட வலது பாதம்தான் என் ஞாபகத்தில் இருக்கும். ‘ஆகையால்’ என்று சுருக்கி முடித்துவிடுவேன். இப்போது முடிவுரை வரை நிதானம் இருக்கிறது (பிரசங்கம் நீண்டுவிட்டதாக வீட்டில் புகார்). ஆராதனை முடிந்ததும் நேராகப் படுக்கப் போகாமல், ஜெபிக்க வருகிறவர்களோடு இருக்கவும் முடிகிறது.

ஸ்டூல் வந்ததும் பிரசங்க பீடம் ஒத்துவரவில்லை. பின்னால் உட்கார்ந்தால் சபையாருக்கு என் நெற்றி மட்டும்தான் தெரியும். பீடத்தை ஓரங்கட்டிவிட்டு, பாடகர் குழுவின் நோட்டு ஸ்டாண்டில் வேதாகமத்தை வைத்துக்கொண்டேன். சாய்ந்து உட்கார்ந்தால் குரல் அமுங்குகிறது. பேசும்போது நுனியில் நிமிர்ந்து உட்காருங்கள். சாய்மானம் பாட்டு நேரத்துக்கு.

சரி, ஜனங்கள் என்ன சொல்வார்கள் என்று தயங்குகிறவர்களுக்கு: சொல்வார்கள். “தேவ சமூகத்தில் உட்கார்ந்து பேசலாமா பாஸ்டர்?” என்று ஒரு மூத்த சகோதரர் கேட்டார். லூக்கா 4:20-ஐ எடுத்துக் காட்டினேன். நாசரேத்து ஜெபஆலயத்தில் நம் ஆண்டவர் நின்று வாசித்தார், உட்கார்ந்து போதித்தார். அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேக்கும் ஒரு கல்லைப் போட்டு உட்காரத்தானே வைத்தார்கள்? சபைச் சீர்திருத்தவாதி கால்வினையும் 1564-ல், அவருடைய கடைசி மாதங்களில், நாற்காலியில் வைத்துத்தான் ஆலயத்துக்குத் தூக்கி வந்தார்கள். அந்தச் சகோதரர் அதோடு விட்டுவிட்டார்.

“விசுவாசம் இருந்தால் எழுந்து நிற்பீர்கள்” என்ற பேச்சுதான் கஷ்டம். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. பவுல் தன் பயணத் தோழன் துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டுவிட்டு வந்தார். தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வரும் பலவீனங்களுக்கு ஜெபக்கூட்டம் வைக்கச் சொல்லாமல் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் போதவில்லையா? நான் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். மாத்திரையும் போடுகிறேன். ஸ்டூலிலும் உட்காருகிறேன்.

குறைகள் இருக்கின்றன. உயரத்தை மாற்றும் லீவர் இருக்கைக்கு அடியில், விரல் வலிக்காரனுக்கு எட்டாத இறுக்கத்தில் இருக்கிறது. மூட்டுவலிக்காரர்கள்தான் இதை வாங்குவார்கள் என்று தயாரித்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு ஒரு வாலிபத் தம்பி முன்கூட்டியே சரிசெய்து வைக்கிறார். இருக்கை சுழலும், அதை நிறுத்திவைக்கப் பூட்டு கிடையாது. ஆசீர்வாதம் கூற இரண்டு கைகளையும் உயர்த்தியபோது மெல்லத் திரும்பிப் பாடகர் குழுவை மட்டும் ஆசீர்வதித்தேன். அதனால் ஆசீர்வாதத்துக்கு மட்டும் ஸ்டாண்டைப் பிடித்து எழுந்து நிற்கிறேன். திரும்பும்போது வரும் கிறீச் சத்தத்தைக் காலர் மைக் விடாமல் பிடித்தது. இணைப்பில் கொஞ்சம் எண்ணெய் விட்டதும் அடங்கியது. கால் கம்பியின் திருகு தளர்ந்துகொண்டே இருக்கும், வாரம் ஒருமுறை முறுக்க வேண்டும்.

இதே மாதிரி சக்கரம் வைத்தும் கிடைக்கிறது. மேடையில் அது ஆபத்து. ரப்பர் பாதம் உள்ளதையே கேளுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று லீவருக்காக.