ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர் 2000: எஞ்சினை முழுசா பிரிச்சுக் கட்டி ஓட்டின அனுபவம்

எஞ்சின் கட்டி முடிச்ச அதே வாரத்துல எழுதற ரிவ்யூ எதையும் நான் பெருசா எடுத்துக்கறதில்ல, புது ரிங்கும் புது பேரிங்கும் போட்டா எந்த எஞ்சினும் கொஞ்ச நாளைக்கு நல்லாத்தான் ஓடும். அதனாலதான் இவ்வளவு நாள் எதுவும் எழுதல. இப்ப 20,000 கிலோமீட்டரைத் தாண்டியாச்சு, மிலானோட பனிக்கால குளிர், ஜூலை வெயில், ஆல்ப்ஸ் மலை ஏத்தம் எல்லாத்தையும் பாத்தாச்சு, இனி எது நிக்குது எது நிக்கலன்னு தைரியமா சொல்லலாம்.

வண்டி 70கள்ல வந்த ஸ்பைடர் 2000 வெலோச்சே, இத்தாலிய டிசைன் கம்பெனி பினின்ஃபரினாவோட பாடி. 1966ல வந்த முதல் ஸ்பைடருக்கு வால் உருண்டையா நீண்டு இருக்கும், இது அதுக்கப்புறம் வந்த வெட்டுவால் மாடல். எஞ்சின் 1962 சிசி, போர் (சிலிண்டர் விட்டம்) 84 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 88.5 மிமீ, ரெண்டு இரட்டை கார்பரேட்டர், 5 கியர். இந்த எஞ்சின் வம்சம் 1954 ஜூலியெட்டா ஸ்பிரிண்ட்ல 1290 சிசியா ஆரம்பிச்சது. ஆல்ஃபாவோட எஞ்சினியர் ஓராத்சியோ சத்தா பூலிகா தலைமையில ஜுசெப்பே புஸ்ஸோ மாதிரி ஆளுங்க வேலை செஞ்ச காலம் அது, மத்த கம்பெனிக்காரங்க சாதாரண ரோட்டு வண்டிக்கு இரும்பு பிளாக்கும் (சிலிண்டர் இருக்கற அடிப்பாகம்) புஷ்ராடும் (வால்வைத் திறக்கத் தள்ளற நீளக் கம்பி) போட்டுட்டு இருந்தப்ப இவங்க அலுமினிய பிளாக், அலுமினிய ஹெட் (பிளாக்கை மேல மூடற பாகம்), மேல வால்வைத் திறக்கற ரெண்டு கேம்ஷாஃப்ட்னு கொண்டு வந்துட்டாங்க. அதே அடிப்படை 1300, 1600, 1750, 2000னு வளர்ந்து 1993ல ஸ்பைடர் நிக்கற வரைக்கும் ஓடுச்சு. 40 வருஷம் ஒரு டிசைன் நிக்குதுன்னா அதை மதிச்சுத்தான் கை வைக்கணும், இந்த ரிவ்யூ முழுக்க நான் சொல்ல வர்றதும் அதுதான்.

எஞ்சின் இறக்கறதுக்கு முன்னாடி என்ன தொந்தரவுன்னா, ரேடியேட்டர் டேங்க்ல தண்ணிக்கு மேல ஆயில் ஆடை மாதிரி படியுது, கியர்ல விட்டு மலை இறங்கறப்ப நீலப் புகை, நல்லா சூடானதும் ஐடில்ல ஆயில் பிரஷர் ஊசி கீழ படுத்துக்குது. தண்ணில ஆயில் வர்றதுக்கு இந்த எஞ்சின்ல முதல்ல பாக்க வேண்டிய இடம் ஹெட் கேஸ்கெட், அதாவது ஹெட்டுக்கு அடியில கசிவைத் தடுக்கற தகடு. பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவுல ஆயில் போற வர்ற துவாரங்களைச் சுத்தி 6 சின்ன ரப்பர் ஓ-ரிங் உண்டு, வயசாகி அது காஞ்சு தட்டையாயிட்டா ஆயில் தண்ணிப் பக்கம் கசிய ஆரம்பிச்சுடும். ஓ-ரிங்கையும் கேஸ்கெட்டையும் மட்டும் மாத்தி மூடிடலாம்னு ஒரு யோசனை வரும், ஆனா பிரஷரும் புகையும் சேர்ந்து வந்துட்டதால முழுசா பிரிக்கறதுன்னு முடிவாச்சு.

ஹெட்டைக் கழட்டறதே ஒரு தனி வேலை. ஹெட்டைப் பிடிக்கற ஸ்டட் (மரை போட்ட கம்பி) இரும்பு, ஹெட் அலுமினியம், இத்தனை வருஷத்துல ரெண்டுக்கும் நடுவுல பூத்துப்போய் இறுகிக் கிடக்கும். ஸ்க்ரூடிரைவரை சந்துல விட்டு நெம்பினா ஃபேஸ் (பிளாக்கோட ஒட்டற சமமான பரப்பு) போச்சு, அதுக்கப்புறம் ஹெட்டுக்குத்தான் செலவு. பெனட்ரேட்டிங் ஆயில் ஊத்தி நாள்கணக்குல ஊறவிட்டு, புல்லர் பிளேட் வச்சு சமமா கொஞ்சம் கொஞ்சமா தூக்கறதுதான் சரியான வழி, பொறுமை இல்லாதவங்க இந்த வேலையைத் தெரிஞ்ச கையில குடுத்துடறது நல்லது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன், ஸ்லீவ், அதாவது பிஸ்டன் ஓடற குழாய். நம்ம ஊர் டிராக்டர் எஞ்சின் பலதுல இருக்கற மாதிரி இதுலயும் வெட் ஸ்லீவ்தான், அதாவது வார்ப்பிரும்பு ஸ்லீவ் அலுமினிய பிளாக்குக்குள்ள தனியா உக்காந்திருக்கும், சுத்தி நேரா தண்ணி ஓடும், அடியில ஒரு ரப்பர் ரிங் தண்ணியை அடியில ஆயில் நிக்கற சம்ப்புக்குள்ள விடாம தடுக்கும். ஸ்லீவோட மேல் விளிம்பு பிளாக் ஃபேஸை விட துளியூண்டு உயரமா நிக்கணும், ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல சில பங்குதான், அந்த உயரம்தான் ஹெட் கேஸ்கெட்டை நல்லா கடிச்சுப் பிடிக்குது. ஆன்டிஃப்ரீஸ் இல்லாம வெறும் தண்ணில ஓட்டின வண்டின்னா ஸ்லீவ் உக்கார்ற இடம் அரிச்சு ஸ்லீவ் கீழ இறங்கிடும், அப்புறம் எத்தனை தடவை கேஸ்கெட் மாத்தினாலும் திரும்பத் திரும்ப போகும். என் வண்டில 2 ஸ்லீவ் பிளாக் மட்டத்துக்கே வந்திருந்துச்சு. நான் வேலை குடுத்த பட்டறைல ஒரு பெரியவர், டயல் கேஜ் வச்சு ஒவ்வொரு ஸ்லீவையும் நாலு இடத்துல அளந்து சாக்பீஸ்ல பிளாக் மேலயே எழுதி வச்சார், அளவு சரியா வராம ஒரு பிஸ்டனைக்கூட உள்ள விட மாட்டேன்னு நின்னார். இன்னைக்கு வரைக்கும் கூலன்ட் கண்ணாடி மாதிரி இருக்குன்னா அதுக்கு அவர் அளந்த அளவுதான் காரணம்னு நான் நிச்சயமா சொல்லுவேன்.

இந்த எஞ்சின்ல ரீபோர் (சிலிண்டரை அகலமா கடையறது) பண்ற வழக்கம் பெரும்பாலும் கிடையாது, பிஸ்டன், ரிங், பின், ஸ்லீவ் எல்லாம் ஜோடி போட்ட செட்டாவே வரும், அதை வாங்கிப் போட்டுடலாம். செட் வந்ததும் அப்படியே நம்பி மாட்டாம பிஸ்டனை எடை போட்டு, ரிங் கேப் (ரிங்கோட ரெண்டு முனைக்கும் நடுவுல இருக்கற இடைவெளி) அளந்துட்டுதான் மாட்டணும். ஹெட் இல்லாத நேரத்துல கிராங்கை (பிஸ்டனோட ஆட்டத்தைச் சுழற்சியா மாத்தற தண்டு) சுத்தணும்னா ஸ்லீவ் மேல கிளாம்ப் போட்டுட்டுத்தான் சுத்தணும், இல்லைன்னா பிஸ்டனோட ஸ்லீவும் எழும்பி அடி ரப்பர் கெட்டுடும்.

கிராங்க் ஷாஃப்ட் பத்தி ஒண்ணு கட்டாயம் சொல்லணும். 5 மெயின் பேரிங், ஃபோர்ஜிங், மேல நைட்ரைடிங் பண்ணி (நைட்ரஜன் ஏத்தி மேல்தோலைக் கெட்டியாக்கறது) வந்த கிராங்க், சரியா ஆயில் மாத்தின வண்டில தேய்மானம் ஆச்சரியப்படற அளவுக்கு கம்மியா இருக்கும். அளவு லிமிட்டுக்குள்ள இருந்தா பாலிஷ் மட்டும் போதும், தேவையில்லாம அரைச்சா அந்த கெட்டியான மேல் தோல் போயிடும். ஆனா உள்ள இருக்கற ஆயில் பாதையோட அடைப்பான்கள் இருக்கே, அதை டிரில் போட்டு எடுத்து உள்ள சுத்தம் பண்ணாம விடவே கூடாது. வெளிய பளபளன்னு இருந்த கிராங்க்குக்குள்ள இருந்து கறுப்பு மெழுகு மாதிரி சேறு வந்துச்சு, அது மேல புது ஷெல் பேரிங் போட்டிருந்தா முதல் ஆயிரம் கிலோமீட்டர்லயே அந்தக் குப்பை எல்லாம் பேரிங்குக்குத்தான் போயிருக்கும்.

ஹெட்டுல கைடு, வால்வ், வால்வ் சீல் மாத்தினேன். எக்ஸாஸ்ட் வால்வ் தண்டு உள்ள பொந்தா இருக்கும், அதுல சோடியம் அடைச்சிருக்கும், சுமார் 98 டிகிரில அது உருகி மேல கீழ ஆடி வால்வ் தலையோட சூட்டை தண்டுப் பக்கம் கடத்தும். பழைய வால்வை அறுத்துப் பாக்கலாம்னு யாரும் இறங்காதீங்க, சோடியத்துல தண்ணி பட்டா தீப்பிடிக்கும். ஹெட் ஃபேஸிங் தேவையான அளவுக்கு மட்டும், ரொம்ப எடுத்தா வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி குறையும், டைமிங்கும் லேசா மாறும். டேப்பெட் கிளியரன்ஸ் (கேமுக்கும் வால்வ் மேல மூடி மாதிரி இருக்கற பக்கெட்டுக்கும் நடுவுல விடற இடைவெளி) பக்கெட்டுக்கு அடியில இருக்கற ஷிம்மால (மெல்லிய தகடு) அட்ஜஸ்ட் ஆகுது, அதாவது ஒரு ஷிம் மாத்தணும்னாலும் கேம்ஷாஃப்ட் கழட்டணும், அளவு எழுதி கணக்கு போட்டு ஷிம் தேடி மறுபடி மாட்டி மறுபடி அளந்துன்னு அது தனிப் பொழுது, ஆனா ஒரு தடவை சரியா வச்சா ரொம்ப நாளைக்கு நகராது.

இந்த கட்டத்துலதான் எல்லாருக்கும் ஆசை வரும், எப்படியும் பிரிச்சாச்சு, வால்வை இன்னும் அதிகமா திறக்கற ஹை லிஃப்ட் கேம் போடலாமே, 10க்கு மேல கம்ப்ரஷன் வர்ற பிஸ்டன் போடலாமேன்னு. நான் போடல, அதுல ரொம்ப உறுதியா இருந்தேன். ஸ்டாண்டர்டுலயே 130 குதிரைசக்திக்குப் பக்கம் குடுக்குது, 2000 ஆர்பிஎம்ல இருந்தே நாலாவது கியர்ல அழகா இழுக்குது, கேம் மாத்தினா மேல கொஞ்சம் கூடும், ஆனா தினசரி ரோட்டுல நமக்கு வேண்டிய கீழ் இழுவை போயிடும். அந்தக் காசை மெஷினிங்லயும் பேலன்ஸிங்லயும் போடுங்க. என் மொத்த செலவுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு பட்டறை வேலைக்குத்தான் போச்சு, செஞ்சதுலயே உருப்படியான செலவு அதுதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக் கழட்டிட்டு ஆயில் பிரஷர் ஏறற வரைக்கும் சும்மா சுத்தவிட்டோம். ரன்னிங்-இன்ல (புது எஞ்சினைப் பழக்கற காலத்துல) மினரல் ஆயில், ஒரே ஸ்பீடுல ஓட்டாம ஏத்தி இறக்கி ஓட்டினேன், 500 கிலோமீட்டர்ல ஆயில் மாத்தி, எஞ்சின் ஆறினதும் ஹெட் நட்டை ஒவ்வொண்ணா வரிசைப்படி லூஸ் பண்ணி திரும்ப டார்க் (குறிச்ச அளவு இறுக்கம்) வச்சோம். இந்த ரீ-டார்க்கை பலர் விட்டுடறாங்க, விடாதீங்க.

சரி, இவ்வளவு ஓடினதுக்கப்புறம் நிலைமை என்னன்னா, ஆயில் 1000 கிலோமீட்டருக்கு கால் லிட்டர்கூட குடிக்கறதில்ல (20டபிள்யூ-50, ஜிங்க் கூடுதலா இருக்கறது), புகை இல்ல, சூடான ஐடில்ல பிரஷர் 1 பாருக்கு மேலயே நிக்குது. போன கோடைல இத்தாலி ஆல்ப்ஸ்ல இருக்கற ஸ்டெல்வியோ பாஸ் (மலைக்கணவாய்) ஏத்தினேன், 2,757 மீட்டர், அடிவார ஊர் பிராத்தோ பக்கமிருந்து 48 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாவது மூணாவது கியர்லயே முழு மலையும், டெம்பரேச்சர் ஊசி அசையல. உச்சில மட்டும் ஐடில் கொஞ்சம் தடுமாறிச்சு, காத்து மெலிசாகறப்ப கார்பரேட்டர் தானா பெட்ரோலைக் குறைக்காது, மிக்சர் ரிச் ஆயிடும் (காத்துக்கு பெட்ரோல் கூடிடும்), கீழ இறங்கினதும் தானா சரியாயிடுச்சு. அதை ரிப்பேர்னு நினைச்சு ஜெட்டை நோண்ட வேண்டாம்.

குறைகளும் இருக்கு. கார்பரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவுல வர்ற ரப்பர் மவுண்ட் புதுசா போட்டும் சீக்கிரமே வெடிப்பு விட்டுச்சு, காத்து உள்ள புகுந்து மிக்சர் லீன் ஆகி (பெட்ரோல் குறைஞ்சு) ஆக்சிலரேட்டர் விடறப்ப சைலன்ஸர்ல வெடிச்சுது. இப்ப கிடைக்கற ரப்பரோட தரம் ஒரே மாதிரி இல்ல, ஒரு செட் கூடுதலா வாங்கி இருட்டுல பத்திரமா வச்சுக்கோங்க. கேம் கவர் கேஸ்கெட்ல லேசான கசிவு திரும்ப ஆரம்பிச்சிருக்கு. சுமார் 10,000ல பாத்தப்ப ஒரு எக்ஸாஸ்ட் வால்வ் கிளியரன்ஸ் குறைஞ்சிருந்துச்சு, கேம் இறக்கி ஷிம் மாத்தினேன். டைமிங் செயின் ஒரு தடவை டைட் பண்ணினதோட சரி.

ஏற்கனவே எஞ்சின் கட்டினதுன்னு சொல்லி விக்கற ஸ்பைடர் பாக்கப் போறவங்களுக்கு: பெயின்ட் அடிச்ச பிளாக்கும் பளபளக்கற கேம் கவரும் எதையும் சொல்லாது. ஸ்லீவ் உயரம் அளந்த கணக்கு இருக்கா, கிராங்க் அடைப்பான் எடுத்துக் கழுவின பில் இருக்கா, ரீ-டார்க் எப்ப பண்ணினாங்கன்னு கேளுங்க. மூணுக்கும் பதில் இல்லைன்னா அந்த எஞ்சினைத் திரும்பப் பிரிக்கற செலவையும் விலைல கழிச்சுட்டுப் பேசுங்க.