உலக சினிமா பார்க்க எது சரி? கோலாலம்பூர், பினாங்கு வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

ஆஸ்திரேலியாவில் எஸ்.பி.எஸ். வேர்ல்டு மூவிஸ் 2019 ஜூலை 1 முதல் கட்டணமில்லா அலைவரிசையாக ஓடுகிறது. பிரிட்டனில் 1998 நவம்பரில் சந்தா அலைவரிசையாகப் பிறந்த பிலிம்4, 2006 ஜூலையில் எல்லோருக்கும் இலவசமானது. இந்தியாவில்கூட 2008ஆம் ஆண்டு யுடிவி வேர்ல்டு மூவிஸ், என்டிடிவி லூமியர் என இரண்டு அலைவரிசைகள் வந்தன. இரண்டும் இன்று இல்லை. பல நாடுகளின் படங்களைத் தேர்ந்து காட்டும் இந்த வேலையை நம் மலேசியாவில் ஒரே அலைவரிசை செய்வதில்லை. கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவின் திரைப்பட அலைவரிசைகள், நெட்பிளிக்ஸ், முபி ஆகிய இணையப் படச் சேவைகள், யூடியூபில் இருக்கும் இலவசக் காப்பகங்கள், பேரங்காடித் திரையரங்குகளின் விழாக்கள் என்று அது சிதறிக் கிடக்கிறது. எதற்குப் பணம் கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்பதுதான் கேள்வி.

பலரும் விலையில் தொடங்குகிறார்கள். வீட்டில் யார் எந்த மொழி வசன வரியை (சப்டைட்டில்) வேகமாகப் படிப்பார்கள் என்பதை முதலில் பாருங்கள். நம் வீடுகளில் இது ஒரே மாதிரி இருப்பதில்லை. பிள்ளைகள் ஆங்கில வரியைச் சிரமமில்லாமல் படித்துவிடுவார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு மலாயில் தொடர்ந்த அப்பா அம்மாவுக்கு மலாய் வரிதான் கைகொடுக்கும். வசன வரி திரையில் நிற்பது இரண்டிலிருந்து ஆறு விநாடி. அதற்குள் படித்து முடிக்க முடியாத மொழியில் படம் போட்டால் இருபதாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். அது படத்தின் குறையல்ல.

ஆஸ்ட்ரோ: மலாய் வரிக்கு நல்லது, உலக சினிமாவுக்குப் போதாது

இந்த ஒரு விஷயத்தில் ஆஸ்ட்ரோவை மற்றவை எளிதில் எட்ட முடியாது. எச்பிஓவானாலும் செலஸ்டியல் மூவிஸ் போன்ற சீனப் பட அலைவரிசையானாலும் மலாய் வரி வழக்கமாகவே இருக்கும். ரிமோட்டில் வசன வரி மொழியை ஒருமுறை அமைத்துவிட்டால் போதும்.

குறை படத் தேர்வில் இருக்கிறது. ஹாங்காங், கொரிய, ஜப்பானியப் படைப்புகள் ஓரளவு கிடைக்கும். ஈரான், ருமேனியா, செனகல், அர்ஜென்டினா போன்ற நாடுகளின் படங்களைத் தேடிக் காத்திருப்பது வீண். அதோடு இந்தத் துறையே சுருங்கி வருகிறது. 2021 ஜூன் 1ஆம் தேதி டிஸ்னியின் இணையச் சேவை மலேசியாவுக்கு வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி தென்கிழக்காசியாவில் ஃபாக்ஸ் திரைப்பட அலைவரிசைகள் நின்றுபோயின. நிறுவனங்கள் தங்கள் படங்களைச் சொந்தச் செயலிக்கு எடுத்துச் சென்ற பிறகு, அலைவரிசைக்குப் பழைய மிச்சம்தான் வந்து சேர்கிறது. ஆகவே உலக சினிமாவுக்காக மட்டும் திரைப்படத் தொகுப்பைக் கூடுதலாக வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஏற்கெனவே வானவில், விண்மீன் ஆகிய தமிழ் அலைவரிசைகளுக்காக ஆஸ்ட்ரோ வைத்திருப்பவர்கள், இருப்பதில் தேடிப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளலாம்.

இன்னொரு நுட்பமான இழப்பும் உண்டு. படங்கள் விநாடிக்கு 24 சட்டகத்தில் (ஃபிரேம்) எடுக்கப்படுகின்றன. மலேசியத் தொலைக்காட்சி ‘பால்’ (PAL) என்ற பழைய ஒளிபரப்பு முறையிலிருந்து வந்தது என்பதால் ஒளிபரப்பு 25, 50 என்ற கணக்கில் ஓடுகிறது. 24ஐ 25ஆக ஓட்டினால் படம் சுமார் 4 விழுக்காடு வேகமாகிவிடும். 120 நிமிடப் படம் 115 நிமிடத்தில் முடியும். ஒலியைத் திருத்தாமல் விட்டால் சுருதி அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். அதிரடிப் படத்தில் யாருக்கும் தெரியாது. அசையாத காட்சியும் மெளனமுமாக நகரும் படத்தில், பின்னணி இசையைக் கூர்ந்து கேட்பவருக்கு உறுத்தும். இணையச் சேவைகள் பெரும்பாலும் 24 சட்டகத்தை அப்படியே அனுப்புகின்றன.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்ட்ரோவின் டிஷ் 91.5 பாகை கிழக்கில் நிற்கும் மீசாட் செயற்கைக்கோளைப் பார்க்கிறது. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அந்தச் செயற்கைக்கோள் அடிவானத்திலிருந்து 77, 78 பாகை உயரத்தில், ஏறத்தாழ நம் தலைக்கு மேல் இருக்கிறது. அதனால் பக்கத்து அடுக்குமாடி மறைப்பது அரிது. தலைக்கு மேல் கவியும் மரக்கிளையும் கருமேகமும்தான் தொல்லை. ஆஸ்ட்ரோ வரும் கே-யு (Ku) அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான் என்பதால் பெரிய மழைத்துளிகள் அதை உறிஞ்சிச் சிதறடிக்கும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாலைகளில் இடிமழை பெய்யும்போது படம் போவது இயல்பு. ஆனால் தூறலுக்கே போகிறது என்றால் வானிலையைக் குறை சொல்ல வேண்டாம். டிஷ் சற்றுத் திரும்பியிருக்கும், அல்லது தலைப்பகுதியின் கேபிள் இணைப்பில் நீர் புகுந்து துருப்பிடித்திருக்கும். டிகோடரின் அமைப்புப் பக்கத்தில் அலைத் தரத்தை வெயில் நேரத்தில் ஒருமுறை குறித்து வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். கண்ணாடியிழை வழி வரும் யூனிஃபை டிவிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. படத் தேர்வில் அதுவும் ஆஸ்ட்ரோவைப் போலத்தான்.

நெட்பிளிக்ஸா, முபியா

பலர் தடுமாறும் இடம் இதுதான். இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

நெட்பிளிக்ஸ் 2016 ஜனவரியில் இங்கே வந்தது. அதில் அயல்மொழிப் படங்கள் ஏராளம். ஆனால் அது அவற்றை முன்னால் நிறுத்துவதில்லை. நீங்கள் நேற்றுப் பார்த்ததைப் போன்ற ஒன்றைத்தான் இன்றும் நீட்டும். கணினி உலாவியில் ஏதாவது ஒரு வகைப் பக்கத்தைத் திறந்து, முகவரியின் கடைசி எண்ணை 7462 என்று மாற்றினால் அயல்நாட்டுப் படங்களும், 7077 என்று மாற்றினால் சுயாதீனப் படங்களும் வரிசையாக வரும். பிடித்ததை என் பட்டியலில் சேர்த்துவிட்டுத் தொலைக்காட்சியில் பாருங்கள்.

பார்க்கும் முன் மூன்று அமைப்புகளைச் சரிசெய்ய வேண்டும். ஸ்பானிஷ், கொரியப் படங்கள் சில நேரம் ஆங்கில டப்பிங்கோடு தொடங்கிவிடும்; ஒலிப் பகுதியில் மூல மொழியைத் தேர்ந்தெடுங்கள். வசன வரிப் பட்டியலில் உங்கள் ஊருக்கும் சுயவிவரத்துக்கும் ஏற்ற சில மொழிகள்தான் காட்டப்படும். மலாய் வரி தெரியவில்லை என்றால் சுயவிவரத்தின் விருப்ப மொழிகளில் மலாயைச் சேர்த்துப் பாருங்கள். மூன்றாவது, அடுத்ததைத் தானாக ஓட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது மூலையில் சுருக்கிவிடும் பழக்கம் அதற்கு இருக்கிறது. கடைசி இசையும் மெளனமும் படத்தின் பகுதி; அவற்றை வெட்டி எறிவது அநியாயம்.

முபி 2007இல் வேறு பெயரில் தொடங்கி 2010இல் இப்பெயர் பெற்றது. வெகுநாள் அது ஒரு நேரத்தில் 30 படங்களை மட்டும் வைத்திருந்தது; தினம் ஒன்று உள்ளே வரும், ஒன்று வெளியேறும். 2020இல் பெரிய நூலகமும் சேர்ந்தது. மனிதர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே இதன் மதிப்பு. ஒரே இயக்குநரின் மூன்று படங்களை வரிசையாக வைப்பார்கள், விழாவில் பேசப்பட்ட முதல் படத்தைக் கொண்டுவருவார்கள். எஸ்.பி.எஸ். போன்ற ஓர் அலைவரிசையின் மனம் இங்கேதான் இருக்கிறது.

அதன் குறைகள் இரண்டும் நமக்குப் பெரியவை. வசன வரி பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே, ஆகவே மலாய் வரி வேண்டிய பெற்றோர் உள்ள வீட்டுக்கு இது தனியாள் சேவையாகிவிடும். அடுத்து, உரிமம் நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் பரிந்துரைத்த படம் மலேசியப் பட்டியலில் இல்லாமல் போகலாம். சந்தா கட்டும் முன் மலேசிய இணைப்பிலேயே பட்டியலைப் புரட்டி, பார்க்க விரும்பும் பத்துப் படங்களைக் குறியுங்கள். நாலைந்துக்கு மேல் தேறாவிட்டால் ஒரு மாதம் மட்டும் எடுத்துப் பாருங்கள். ஆண்டுச் சந்தா மாதக் கணக்கில் மலிவு. வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகள் மீதான சேவை வரி 2020 ஜனவரியில் 6 விழுக்காடாக வந்து, 2024 மார்ச் முதல் 8 ஆகியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இணைய வேகம் இரண்டுக்குமே பெரிய தடையில்லை. 1080 தரத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் போதும். கைப்பேசி இணையத்தைத் தொலைக்காட்சிக்குப் பகிர்ந்து பார்ப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும்: அந்தத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை போகும், இரண்டு மணி நேரப் படம் 6 ஜிபியை விழுங்கிவிடும். பேருந்திலோ எல்ஆர்டியிலோ பார்ப்பதற்கு முபி, நெட்பிளிக்ஸ் இரண்டிலும் பதிவிறக்கம் உண்டு.

பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கொரியத் திரைப்படக் காப்பகம் தன் பழைய படங்களை ஆங்கில வரியோடு யூடியூபில் முழுதாக வைத்திருக்கிறது. ரஷ்யாவின் மோஸ்பிலிமும் அப்படியே. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் ஆவணப்படங்களையும் அசைவூட்டப் படங்களையும் தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. பிரெஞ்சுப் படைப்புகளுக்கு டிவி5மோந்த்பிளஸ் என்ற இணையத் தளம் இருக்கிறது. கட்டணமில்லை, ஆங்கில வரி உண்டு, சில தலைப்புகள் மட்டும் நாடு சார்ந்து பூட்டப்பட்டிருக்கும்.

யூடியூபில் தமிழ் வாசகருக்கு ஒரு கூடுதல் வழி உண்டு. வசன வரி படத்தோடு அச்சாகாமல் தனியாக இணைக்கப்பட்டிருந்தால், கணினியில் அமைப்புகள், வசன வரி, தானியங்கி மொழிபெயர்ப்பு என்று போய்த் தமிழையோ மலாயையோ தேர்ந்தெடுக்கலாம். தமிழ் ஆக்கத்தில் நீ, நீங்கள் குழம்பும், பெயர்ச்சொற்கள் சிதையும். வசனம் அதிகமுள்ள நீதிமன்றப் படத்துக்கு அது ஆகாது. குறைவாகப் பேசும் படங்களுக்குத் தாராளமாகப் போதும். பாட்டியோடு உட்கார்ந்து ஒரு பழைய கொரியக் குடும்பக் கதை பார்க்க இன்று இதைவிட எளிய வழி இல்லை.

திரையரங்கு: எங்கள் முதல் தேர்வு, ஆனால் ஊரைப் பொறுத்தது

ஜி.எஸ்.சி. தன் அரங்குகள் சிலவற்றில் உலகப் படங்களுக்கென இன்டர்நேஷனல் ஸ்கிரீன்ஸ் என்ற பெயரில் இடம் ஒதுக்கி வந்திருக்கிறது. தலைநகரில் மிட் வேலி, பினாங்கில் கர்னி பிளாசா. ஐரோப்பிய ஒன்றியம், பிரான்சு, ஜப்பான் ஆகியவற்றின் விழாக்களும் ஆண்டுதோறும் பேரங்காடி அரங்குகளில் நடக்கின்றன. ஜெர்மன் கலாசார நிலையமான கதே நிலையம், பிரெஞ்சுக் கலாசார நிலையமான அலியான்ஸ் பிரான்சேஸ் ஆகியவற்றின் அறிவிப்புப் பட்டியலில் மின்னஞ்சலைப் பதிவது இதற்கு மிக நம்பகமான வழி. மனித உரிமை அமைப்பான கோமாஸ் 2003இல் தொடங்கிய ஃபிரீடம் பிலிம் ஃபெஸ்ட் ஆவணப்படம் விரும்புவோர் தவறவிடக் கூடாதது.

இந்தப் படங்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு காட்சிதான். மலேசியாவில் புதுப்படம் வியாழனில் வரும். அரங்கம் காலியாக இருந்தால் அடுத்த வியாழனுக்குள் தூக்கிவிடுவார்கள். வார இறுதி வரட்டும் என்று காத்திருந்து இரண்டாம் வார வெள்ளிக்கிழமை தேடினால் கிடைக்காது. முதல் நான்கு நாளுக்குள் போய்விடுங்கள். நம் ஊர்த் தமிழ்ச் சுயாதீனப் படங்களுக்கும் இதே கதிதான். 2015 டிசம்பரில் வெளிவந்து, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமான ‘ஜகாட்’ போன்ற படைப்புகளைத் திரையில் தாங்கிப் பிடித்தவர்கள் முதல் வாரத்தில் போனவர்கள்தான்.

கோலாலம்பூர்வாசிக்கு விழாக்கள் வரிசையாக வரும். பினாங்குக்கு அவற்றின் சுருக்கப் பதிப்புதான், அதுவும் எல்லா விழாவுக்கும் இல்லை. ஜார்ஜ்டவுனில் ஹின் பஸ் டிப்போ போன்ற கலைவெளிகளின் திரையிடல்கள் கொஞ்சம் ஈடுகட்டும். ஆகவே பாயான் லெப்பாஸிலோ பட்டர்வொர்த்திலோ இருப்பவருக்கு முபி ஆண்டுச் சந்தா நியாயமான செலவு. பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பவர், மிட் வேலி கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, அதே பணத்தை நுழைவுச்சீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

திரையரங்கின் பெரிய குறை தணிக்கைக் கத்தரி. 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்கீழ் திரையில் காட்டும் படம் தணிக்கை வாரியத்தைக் கடக்க வேண்டும். 2023இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் முதன்மைப் பரிசு வென்ற மலேசியப் படம் ‘டைகர் ஸ்டிரைப்ஸ்’ இங்கே வெட்டுகளோடு வெளியானபோது, அந்தப் பதிப்பு தன்னுடையது அல்ல என்று இயக்குநர் அமண்டா நெல் யூ வெளிப்படையாகச் சொன்னார். முழுப் பதிப்பு வேண்டும் என்றால் வேறு நாடுகளில் பதிவான படநீளத்தை நம் அரங்கின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். மூன்று நான்கு நிமிடம் குறைந்தால் இணையச் சேவைக்காகக் காத்திருப்பது நல்லது. தொலைக்காட்சியில் ஒப்பிடும்போது மட்டும் அந்த 4 விழுக்காட்டை மறக்காதீர்கள்.

எதில் பார்த்தாலும் தொலைக்காட்சியில் செய்ய வேண்டியவை

கடையிலிருந்து வந்த நிலையில் பெரும்பாலான பெட்டிகள் அசைவை வழவழப்பாக்கும் வசதியை இயக்கியே வைத்திருக்கும். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ். இல்லாத சட்டகங்களைப் பெட்டியே கற்பனை செய்து நுழைப்பதால் எந்தப் படமும் தொலைக்காட்சித் தொடர் போலத் தோன்றும். அதை அணையுங்கள், ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதை இயக்கினாலே இது தானாக அணைந்துவிடும். ஆப்பிள் டிவி போன்ற பெட்டி வைத்திருப்பவர்கள் சட்டக வேகத்தைப் பொருத்தும் வசதியை இயக்கினால், காமிரா பக்கவாட்டில் மெதுவாக நகரும்போது வரும் திக்கல் போகும்.

1950களுக்கு முந்தைய படங்கள் ஏறக்குறைய சதுரமாக இருக்கும்; இருபுறமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. திரை நிறைய வேண்டும் என்று இழுத்தால் முகங்கள் அகலும், பெரிதாக்கினால் தலையும் வசன வரியும் வெட்டுப்படும். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளைச் சட்டைமேல் வெள்ளை எழுத்து மறைந்து போவது இன்னொரு தொல்லை. நெட்பிளிக்ஸில் கணக்கு அமைப்பில் வசன வரித் தோற்றத்தை மஞ்சள் எழுத்து, கறுப்பு நிழல் என்று மாற்றிக்கொள்ளலாம். படத்தோடு அச்சாகி வரும் வரிகளை ஒன்றும் செய்ய முடியாது.

அடுக்குமாடி மண்டபத்தில் அண்டை அயலாரைக் கூட்டி மாதம் ஒரு படம் போடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வீட்டுச் சந்தா பொதுத் திரையிடலுக்கு உரிமம் தராது. தணிக்கைச் சான்று தனி விஷயம்: 2013இல் இலங்கைப் போர் பற்றிய ஓர் ஆவணப்படத்தைச் சான்றின்றிக் கோலாலம்பூரில் திரையிட்டதற்காக கோமாஸ் பணியாளர் ஒருவர்மீது வழக்குத் தொடுக்கப்பட்டு, 2017இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டது. கலாசார நிலையங்களை அணுகினால் உரிமமும் சான்றும் உள்ள படம் கிடைக்க வாய்ப்புண்டு. அந்த வழியில் தொடங்குங்கள்.