பாராதைரோயிட் ஊசி: முதுகு ஏறுது, முன்கை இறங்குது

போன மாதம் எலும்பு ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததில் இருந்து எரிச்சலாக இருக்கிறது. முதுகெலும்பின் அடர்த்தி ஏறியிருக்கிறது. இடது முன்கையில், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, இறங்கியிருக்கிறது. ஊசியும் ஒன்று, உடம்பும் ஒன்று.

தைரோயிட் ஒப்பரேசனுக்குப் பிறகு பாராதைரோயிட் (இரத்தக் கல்சியத்தைக் கவனிக்கும் ஹோர்மோனைச் சுரக்கும் கழுத்துச் சுரப்பிகள்) படுத்துவிட்டவர்களுக்கு நான் கதை சொல்லத் தேவையில்லை. கல்சியம் குளிசை, அல்பாகல்சிடோல் என்ற விற்றமின் டி குளிசை, வாயைச் சுற்றி விறுவிறுப்பு, விரல் இழுத்துப் பிடிப்பது எல்லாம் தெரிந்ததுதான். எனக்குக் குளிசையால் சரிவராததால் டொக்டர் அந்த ஹோர்மோனின் ஒரு துண்டான டெரிபரடைட் ஊசிக்கு மாற்றினார். விறுவிறுப்பு விஷயத்தில் ஊசிக்கு முழுப் புள்ளி. முன்பு குளிசைப் போத்தல் பையில் இல்லாமல் என்.சி. வீதிக் கடைக்குக்கூடப் போகமாட்டேன்.

எலும்புக் கணக்குத்தான் உதைக்கிறது. பாராதைரோயிட் ஹோர்மோன் இல்லாத உடம்பில் எலும்பைக் கரைக்கும் செல்லும் கட்டும் செல்லும் மந்தமாகிவிடும். பழைய எலும்பு அகலாமல் அப்படியே சேர்ந்து கிடக்கும். அதனால்தான் ஊசிக்கு முந்திய ஸ்கேனில் என் அடர்த்தி வயதுக்கு மிஞ்சி இருந்தது. ரிப்போர்ட் தந்த பிள்ளை, "அன்ரி, உங்கட எலும்பு நல்ல ஸ்ட்ரோங்" என்று சிரித்தா. அடர்த்தி கூடினால் பலமும் கூடும் என்று இந்த நோயில் சொல்ல முடியாது என்பதை அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

ஊசி போட்டதும் இந்த வேலை மறுபடி தொடங்குகிறது. எலும்பு கரைந்து கட்டப்படும் வேகத்தைக் காட்டும் இரத்த அளவுகள் முதலில் கடகடவென்று ஏறும். பிறகு இறங்கினாலும் பழைய மட்டத்துக்கு மேலேயே நிற்கும். முதுகெலும்பின் உள்பக்கம் பஞ்சு மாதிரியான எலும்பு, அங்கே சேர்மானம் நடக்கிறது. முன்கையில் அந்த இடம் பெரும்பாலும் இறுகிய எலும்பு. அதற்குள் நுண்ணிய துளைகள் விழுந்து அடர்த்தி குறைகிறது. ஆக, மெஷின் பிழை இல்லை. ஆய்வுகளில் வந்ததுதான் என் கையிலும் வந்திருக்கிறது. இதனால் முறிவு கூடுமா, குறையுமா? அதைத் தீர்த்துச் சொல்லும் அளவுக்குப் பெரிய ஆய்வு இதுவரை இல்லை. எனக்குக் கோபம் வருவதே அதில்தான்.

அதைவிட, ஸ்கேனுக்குப் போனால் வழக்கமாக முதுகும் இடுப்பும்தான் எடுப்பார்கள். முன்கையையும் எடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்காவிட்டால், ஏறிய கணக்கை மட்டும் கையில் தந்து அனுப்பிவிடுவார்கள்.

மற்றதெல்லாம் சில்லறைத் தொல்லை. எலும்புத் தேய்வுக்காரர் நாளுக்கு ஒரு ஊசி போட்டு 28 நாள் ஓட்டும் பேனா, காலையும் மாலையும் போடும் எனக்கு 14 நாளில் தீர்ந்துவிடும். 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. 2022 மின்வெட்டில் மீன்காரத் தம்பியின் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, பேனாவைத் துவாயில் சுற்றி, ஐஸ் தொடாத மூலையில் வைத்துக் காத்தேன். பாமசியில் ஒவ்வொரு முறையும் "இது இரண்டு வருசம்தானே போடலாம்?" என்று கேட்பார்கள். எலிகளில் எலும்புப் புற்று வந்ததால் வந்த எல்லை அது. அமெரிக்காவில் 2020இல் மருந்துத் தாளில் அதைப் பற்றி இருந்த கட்டமிட்ட எச்சரிக்கையையே எடுத்துவிட்டார்கள்.

திடீரென நிறுத்துவதுதான் உண்மையில் பயம். விழித்த எலும்பு கல்சியத்தை இழுத்துக்கொண்டே இருக்க, இரத்தத்தில் அது சரசரவென்று விழும். பேனா கிடைக்காத ஒரு வாரம் டொக்டரைக் கேட்டுக் குளிசையைக் கூட்டித்தான் தப்பினேன். நமது நோய்க்கென்றே 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முழு ஹோர்மோன் ஊசி, ரப்பர் துகள் பிரச்சினையால் 2019இல் அங்கே திரும்பப் பெறப்பட்டது. இப்போது நாளுக்கு ஒருதரம் போடும் பலோபெக்டெரிபரடைட் அங்கும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றிருக்கிறது. அதில் கூடியிருந்த அடர்த்தி வயதுக்குரிய அளவை நோக்கி இறங்கி நிலைப்படுகிறதாம். திருகோணமலைக்கு எப்போது வருமோ, கோணேசருக்குத்தான் வெளிச்சம்.

கிண்ணியாவில் இதே நோயுள்ள தங்கச்சி ஒருத்தி, "அக்கா, நானும் மாறட்டா?" என்று கேட்டிருக்கிறா. குளிசையில் அவவுக்குக் கல்சியம் சீராக நிற்கிறது. என் உடம்பைத் திருப்பித் தந்த ஊசி இது, நான் விடமாட்டேன். ஆனாலும் அவவுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் பதில் போட்டேன்.