இன்னும் ஆழமாகத் தோண்டுவதா, எண்ணெயை விட்டு விலகுவதா?

பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழும். "நம் மண்ணுக்கும் கடலுக்கும் அடியில் எண்ணெய் கிடக்க, ஏன் பிறரிடம் கையேந்த வேண்டும்? கிணறு தோண்டுங்கள்" என்பது ஒன்று. "எண்ணெயை நம்பியிருக்கும்வரை இந்தத் தொல்லை தீராது. சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் மாறுங்கள்" என்பது மற்றொன்று. 1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோதும், 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோதும், 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி விலை மீண்டும் நூறு டாலரைத் தாண்டியபோதும் இதே வாதம்தான் நடந்தது. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு எந்த வழியால், எப்போது, எவ்வளவு மிச்சமாகும்? இதைக் கேட்டுப் பார்த்தால் இரண்டின் எடையும் வேறாகத் தெரிகிறது.

பலன் கைக்கு வர எத்தனை காலம்?

முதலில் துளையிடும் தரப்பு. அனுமதி கொடுத்த மறுநாளே எண்ணெய் பாய்ந்துவிடாது. நில அதிர்வு ஆய்வு, ஏலம், சோதனைக் கிணறு, மேடை, குழாய் என ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் ஆகும். அலாஸ்காவின் புரூடோ பே வயல் 1968-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் எண்ணெயைத் தெற்கே கொண்டுவரும் குழாய்ப்பாதை முடிந்தது 1977-ல். கஜகஸ்தானின் கஷகான் வயலின் கதை இன்னும் நீளம். 2000-ல் கண்டுபிடித்து, 2013-ல் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். எண்ணெயோடு வரும் நச்சுக் கந்தக வாயு குழாய்களில் விரிசல் விழச் செய்ததால் சில வாரங்களிலேயே நிறுத்திவிட்டு, மறுபடி தொடங்க 2016 ஆகிவிட்டது. பாறை இடுக்கிலிருந்து எடுக்கும் ஷேல் எண்ணெய் மட்டும் விதிவிலக்கு. ஏற்கெனவே அறிந்த நிலத்தில், கருவிகளும் குழாய்களும் தயாராக இருந்தால் சில மாதங்களில் கிணறு பலன் தரும். அதே வேகத்தில் வற்றவும் செய்யும். முதல் ஆண்டிலேயே உற்பத்தி பாதிக்கும் கீழே போய்விடுவது வழக்கம் என்பதால், நிற்காமல் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாற்று எரிசக்தித் தரப்பும் காலக் கணக்கில் கொஞ்சம் மிகைப்படுத்துகிறது. சூரிய மின் பூங்காவை ஓரிரு ஆண்டில் கட்டிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த மின்சாரத்தைப் பெட்ரோல் தொட்டியில் ஊற்ற முடியாது. ஓடுகிற வண்டியே மாற வேண்டும். ஒரு கார் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடும். நாளை முதல் விற்பவை எல்லாமே மின்வாகனங்கள் என்று வைத்துக்கொண்டாலும், சாலையில் பெரும்பாலானவை மாறப் பத்தாண்டு பிடிக்கும்.

ஆக, இந்த மாதச் செலவைக் குறைப்பது இரண்டு வழியாலும் ஆகாத காரியம். உடனே பலிப்பது பயன்பாட்டைக் குறைப்பது மட்டுமே. 2022 மார்ச்சில் சர்வதேச எரிசக்தி முகமை பத்து அம்சத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 10 கிலோமீட்டர் குறைப்பது, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை, மலிவான பொதுப் போக்குவரத்து, ஒரே காரில் பலர் சேர்ந்து போவது என எல்லாம் எளிய யோசனைகள். வளர்ந்த நாடுகள் இவற்றை முழுதாகச் செய்தால் நான்கே மாதத்தில் நாளொன்றுக்கு 27 லட்சம் பீப்பாய் தேவையைக் குறைக்கலாம் என்று அது கணக்கிட்டது. எந்தப் புதிய வயலும் நான்கு மாதத்தில் இவ்வளவு தராது. விவாத மேடைகளில் இந்தப் பேச்சு வருவதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

விலை உண்மையிலேயே இறங்குமா?

துளையிடும் வாதத்தின் உயிர்நாடி இதுதான், அது தளர்ந்துபோவதும் இங்கேதான். கச்சா எண்ணெய் உலகச் சந்தையில் விலை போகும் சரக்கு. உலகம் நாளொன்றுக்குச் சுமார் 10 கோடி பீப்பாய் செலவழிக்கிறது. நம் கிணற்றில் எடுத்த எண்ணெய் என்பதற்காக நமக்கு மட்டும் மலிவாகக் கிடைக்காது. அரசு மானியம் கொடுத்தால் கிடைக்கலாம், ஆனால் அதுவும் நம் வரிப்பணம்.

2008-ல் அமெரிக்காவில் இந்த வாதம் உச்சத்தில் இருந்தது. அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்தைத் திறந்துவிடு என்று ஒரு தரப்பு முழங்கியது. அந்நாட்டு அரசின் எரிசக்தித் தகவல் நிர்வாகமே அப்போது கணக்குப் போட்டுப் பார்த்தது. காப்பகத்தைத் திறந்தால் 2025 வாக்கில் பீப்பாய்க்குச் சுமார் 75 சென்ட் குறையலாம் என்று விடை வந்தது. நூறு டாலருக்கு மேல் விற்ற பொருளில், பதினேழு ஆண்டு கழித்து முக்கால் டாலர். பின்னர் 2021-ல் அங்கே குத்தகை ஏலம் நடந்தபோது பெரிய எண்ணெய் நிறுவனங்கள் எட்டிப் பார்க்கவில்லை. 2025 ஜனவரியில் நடந்த ஏலத்தில் ஒருவர்கூட விலை கேட்கவில்லை.

அதே அமெரிக்கா ஷேல் புரட்சியால் தன் உற்பத்தியை 2008-ல் இருந்த நாளொன்றுக்கு 50 லட்சம் பீப்பாயிலிருந்து 2019-க்குள் 1.2 கோடிக்கு மேல் கொண்டுபோனது. உலகிலேயே அதிகம் எடுக்கும் நாடு என்ற இடமும் கிடைத்தது. ஆனாலும் 2022 ஜூனில் அங்கே ஒரு கேலன் (சுமார் 3.8 லிட்டர்) பெட்ரோலின் சராசரி விலை முதல் முறையாக 5 டாலரைத் தாண்டியது. சொந்த எண்ணெய் விலைக்குக் கவசமாகும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான சோதனை இல்லை.

எதிர்ப்பக்கச் சான்றையும் வைத்தாக வேண்டும். 2014 நடுவில் நூறு டாலருக்கு மேல் இருந்த விலை 2016 தொடக்கத்தில் முப்பதுக்குக் கீழே விழுந்தது. அதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று அந்த ஷேல் எண்ணெய்தான். நிறைய எடுத்தால் விலை விழும். விழுந்ததும் என்ன நடந்தது? பல துளையிடும் நிறுவனங்கள் திவாலாயின, புதிய கிணறுகள் நின்றன, ஏற்றுமதி நாடுகள் கூடிப் பேசி உற்பத்தியைக் குறைத்தன, விலை மறுபடி ஏறியது. எண்ணெய் விலையைக் குறைக்க முடியும், குறைந்த இடத்தில் நிறுத்திவைக்கத்தான் முடியாது.

மாற்றுத் தரப்பின் வலிமை இங்கேதான் தெரிகிறது. சூரியத் தகடும் பேட்டரியும் தொழிற்சாலையில் செய்யும் பொருட்கள். செய்யச் செய்யக் கைபழகும், விலை இறங்கும். 2010-களில் மட்டும் சூரியத் தகடுகளின் விலை ஏறத்தாழ 90 சதவீதம் சரிந்தது. மின்வாகன பேட்டரியும் அதே வழியில் இறங்கியது. எண்ணெயில் இது தலைகீழ். எளிதில் கிடைப்பதை முதலில் எடுத்துவிட்டதால், மிச்சமிருப்பது ஆழக்கடலிலும் பனியிலும் கிடக்கிறது.

இன்னொரு கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் உண்டு. நடுத்தரக் கார் நூறு கிலோமீட்டருக்கு ஆறேழு லிட்டர் குடிக்கிறது, அதாவது அறுபது யூனிட் அளவில். அதில் சக்கரத்துக்குப் போவது கால்பங்குதான், மீதி வெப்பமாகக் காற்றில் கலக்கிறது. அதே தூரத்துக்கு மின்காருக்கு 15 முதல் 20 யூனிட் போதும். மின்சாரம் அவ்வளவு மலிவாக இல்லாத இடத்திலும் ஓட்டுச் செலவு குறைவது இதனால்தான்.

முள் எங்கே என்றால், முதலில் போடும் பணத்தில். பெட்ரோல் செலவு தினம் தினம் சில்லறையாகப் போகிறது. மின்வண்டிக்கோ முன்கூட்டியே பெருந்தொகை வேண்டும். வட்டி ஏறினால் கணக்கு கசக்கும். பணம் இருப்பவருக்கு மாறுவது லாபம். இல்லாதவர் விலை ஏறிய பெட்ரோலோடு மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

எத்தனாலை மட்டும் இந்தக் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன். பிரேசில் 1975-லேயே கரும்பை நம்பித் தொடங்கிய திட்டம் ஓரளவு கைகொடுத்தது. சோளத்திலிருந்து எடுப்பதோ செலவிட்ட ஆற்றலுக்குச் சற்றே கூடுதலாகத் திரும்பித் தருகிறது, உணவுக்கான விளைநிலத்தையும் பங்கு கேட்கிறது.

கெடுதல் எங்கே விழுகிறது?

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். கிணற்றை அடைக்க 87 நாள் ஆனது. ஆழம் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். மாற்று எரிசக்தியும் கறையற்றது அல்ல. பேட்டரிக்கான கோபால்ட்டின் பெரும்பகுதி காங்கோவிலிருந்து வருகிறது. அங்கே சிறுவர்களும் சுரங்கத்தில் இறங்குகிறார்கள். சூரியத் தகடுகளில் பெரும்பங்கு சீனாவில் செய்யப்படுகிறது. அரபு நாடுகளைச் சார்ந்திருந்ததை விட்டுச் சீனாவைச் சார்வதா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. எண்ணெய் வரத்து நின்றால் சில வாரங்களில் வண்டிகள் நிற்கும். தகடு வரத்து நின்றால் புதிதாகப் பொருத்துவதுதான் நிற்கும். ஏற்கெனவே கூரையில் இருப்பது இருபத்தைந்து ஆண்டு வேலை செய்யும்.

நடுவில் கைவிட்டவர்களும் விடாதவர்களும்

1979-ல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் வெள்ளை மாளிகைக் கூரையில் தண்ணீர் சூடாக்கும் 32 சூரியத் தகடுகளை வைத்தார். 1986-ல், ரீகன் காலத்தில், கூரை வேலைக்காக இறக்கியவற்றைத் திரும்ப ஏற்றவில்லை. எண்ணெய் விலை அதலபாதாளத்தில் விழுந்த ஆண்டும் அதுதான். விலை ஏறும்போது பதறுவதும் இறங்கியதும் மறப்பதும் பல நாடுகளின் பழக்கம். டென்மார்க் மறக்கவில்லை. 1973 அதிர்ச்சிக்குப் பின் காற்றாலைத் தொழிலை விடாமல் வளர்த்தது. இன்று அதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது.

நார்வே இரண்டையும் செய்தது. வடகடலில் எண்ணெய் எடுத்து உலகுக்கு விற்று, அந்தப் பணத்தைத் தேசிய நிதியில் சேர்த்தது. உள்நாட்டிலோ மின்கார்களுக்கு 1990-களிலிருந்தே வரிச்சலுகை கொடுத்தது. 2024-ல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது மின்கார்கள். வீட்டு வாசலில் எண்ணெய் இருந்தும் அந்த மக்கள் பெட்ரோலை விட்டு நகர்ந்துவிட்டார்கள்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். ஓடும் வயல்களை மூடச் சொல்லமாட்டேன். பழைய கிணறுகள் தானாகவே வற்றிவருகின்றன. விமானத்துக்கும் கப்பலுக்கும் பிளாஸ்டிக் மூலப்பொருளுக்கும் இன்னும் பல காலம் எண்ணெய் தேவை. ஆனால் பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பலன் தரும் ஆழ்கடல், ஆர்க்டிக் துளைகளுக்கு மக்கள் பணத்தில் சலுகை தருவதை ஏற்க முடியவில்லை. அந்தப் பணம் மின்வண்டிக் கடனுக்கான வட்டியாகப் போகட்டும். அதிலும் சொந்தக்காரை வார இறுதியில் எடுப்பவருக்கு முன்னால், நாளுக்கு இருநூறு கிலோமீட்டர் ஓட்டும் வாடகைக்கார் ஓட்டுநருக்கும் பொதி சுமக்கும் வண்டிக்காரருக்கும் பேருந்துகளுக்கும் போகட்டும். ஒரு வண்டி மாறினால் அதிக லிட்டர் மிச்சமாவது அவர்களிடம்தான்.