42,000 ரூபா போச்சு: பழைய ரெட்ரோ சப்பாத்து வாங்கப் போறவை வாசியுங்கோ

"ஒருக்காலும் காலில போடாதது அண்ணா, பெட்டியோட அப்பிடியே இருக்கு." இந்த ஒரு வசனத்துக்குத்தான் 42,000 ரூபா போனது.

வித்தது இன்ஸ்டகிராமில கூடைப்பந்துச் சப்பாத்து மட்டும் விக்கிற ஒரு பக்கம். வாங்கினது ரெட்ரோ, அதாவது பழைய மொடலைத் திரும்பச் செய்து விடுறது. கடை இல்லை, கொழும்பில இருந்து கூரியர். வங்கிச் சிலிப்பை அனுப்பினாத்தான் பார்சல் கட்டுவினம். கேட்ட படமெல்லாம் உடனே வந்தது. பெட்டி இலக்கமும் உள் லேபல் இலக்கமும் ஒண்டு, தையலும் சுத்தம். போலி இல்லை எண்டுதான் பட்டது, நம்பிக்கை வந்ததும் அதிலதான்.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில ஒரே ஒரு நடை. குதிப்பக்கம் வெடிச்சு, நடு அடி (மேல் பகுதிக்கும் கீழ் ரப்பருக்கும் இடையில இருக்கிற மெத்தை) கட்டி கட்டியா ரோட்டில உதிருது.

அந்த நடு அடி பொலியூரித்தேன் நுரை. காத்தில இருக்கிற ஈரம் அதின்ர பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுக்கும், நீர்ப்பகுப்பு எண்டு உயர்தரத்தில படிச்சதுதான். எங்கட வெக்கைக்கும் மாரிக்கும் இன்னும் கெதி. பெட்டிக்குள்ள கிடந்தாலும் அது நிக்காது. அப்ப "போடாதது" எண்டது என்ன பெருமை? பழசை விக்கிறவைக்கு இது தெரியாமலிருக்காது.

கேட்டதுக்கு முதல் பதில்: "மழைக்குள்ள போட்டிருப்பியள்." பிறகு: "சொலூசன் பூசி ஒட்டுங்கோ." நுரையே மாவாப் போனா பசை எதைப் பிடிக்கும்? பிறகு: "பழைய மொடல் எண்டா அப்பிடித்தான் அண்ணா." பிறகு புளொக். 42,000 ரூபா!

வடிவா, சொகுசா எண்டு யோசிக்கிறவைக்கு: நைக்கின்ர ஏர் ஃபோர்ஸ் 1 (1982), ஜோர்டன் 1 (1985) இரண்டுக்கும் வெளியில கிண்ணம் மாதிரிச் சுத்தி ஏறி நிக்கிற ரப்பர் அடி, சுத்தித் தையல். முதலாவது பாரம், இரண்டாவது அடியில இறுக்கம். ஆனா வெளிச்சுவர் இப்பிடி உதிராது. ஜோர்டன் 3 (1988), 4 (1989) வடிவுக்குக் குறை சொல்லேலாது, குதியில காத்துப்பை கண்ணாடி மாதிரித் தெரியும். அதைத் தாங்கி நிக்கிறது இந்த நுரைதான். 4இல சுண்டுவிரலும் நெரியும், அகலப் பாதம் எண்டா அரை அளவு கூட்டுங்கோ.

பார்க்க வேண்டியதெல்லாம் விரிவா எழுதத்தான் தொடங்கினது, கோவத்தில ஓடுதில்லை. உள் லேபலில இருக்கிற தயாரிப்புத் திகதியைப் படமாக் கேளுங்கோ. எட்டுப் பத்து வருசம் தாண்டினா அலுமாரிக்குத்தான், நடக்க இல்லை. நடு அடியைப் பெருவிரலால அமத்தி வீடியோ அனுப்பச் சொல்லுங்கோ. வெடிப்போ பொடியோ கண்டா விடுங்கோ. பார்சல் கைக்கு வந்தபிறகு காசு எண்டால் மட்டும் எடுங்கோ.

ஏற்கெனவே ஏமாந்தவை பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட தொலைபேசி இலக்கத்தில முறையிடலாம். சிலிப்பை வைச்சிருங்கோ, சண்டை பிடிக்க முதலே உரையாடலை ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ. தாங்கள் அனுப்பின மெசேஜை வித்தவை பிறகு அழிச்சுப் போடுவினம்.