கீழாநெல்லி, குப்பைமேனி, தொட்டாற்சிணுங்கி: புளோக் புல்தரையில் முளைப்பதில் எது தேறும்?

புல்வெட்டும் ஆட்கள் வந்துபோன கொஞ்ச நாளிலேயே சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளைச் சுற்றி இந்த மூன்றும் மறுபடி தலைகாட்டிவிடும். ஒவ்வொன்றுக்கும் நம்மவர்களிடையே தனி ரசிகர் கூட்டம் உண்டு. மஞ்சள்காமாலை என்றால் கீழாநெல்லி, சொறி சிரங்கு என்றால் குப்பைமேனி, வசியம் மாந்திரீகம் என்று வாட்ஸ்அப்பில் எதாவது வந்தால் அது அநேகமாகத் தொட்டாற்சிணுங்கி. என் ஓட்டு குப்பைமேனிக்குத்தான், அதுவும் தோலுக்கு மேலே மட்டும். ஏன் என்று வரிசையாகப் பார்ப்போம்.

மாயத்தில் மூன்றில் முதலிடம் தொட்டாற்சிணுங்கிக்கு, சந்தேகமே இல்லை. ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தினமும் தொட்டு வந்தால் மனசக்தி பெருகும், சொன்ன வாக்குப் பலிக்கும் என்பார்கள். வேரை எடுக்க வேண்டுமென்றால் சும்மா பிடுங்கிவிட முடியாது. மஞ்சள் நூலில் காப்புக் கட்டி, சாப நிவர்த்தி மந்திரம் சொல்லி, இரும்பு படாமல், ஆணிவேர் அறாமல் எடுக்க வேண்டும் என்று பெரிய சடங்கே இருக்கிறது. இதையெல்லாம் சித்தர்கள் ஆதிகாலத்தில் சொல்லிவைத்ததாக எழுதுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: இந்தச் செடியின் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. கப்பல் ஏறி வந்தபிறகுதான் நம் மந்திரவாதிகள் இதைப் பார்த்திருக்க முடியும்! இலை சுருங்குவதிலும் மந்திரம் கிடையாது. தொட்டதும் காம்படியில் உள்ள சின்ன முடிச்சில் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து பொட்டாசியமும் அதன் பின்னாலேயே தண்ணீரும் வெளியேறும், விறைப்புப் போய் இலை தொங்கும், அவ்வளவுதான். மருந்தாக மூலத்துக்கும் ரத்தக்கசிவுக்கும் இலைச்சாறு சொல்வார்கள். ஆனால் செடியில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, அதைத் தின்னும் கால்நடைகளுக்கு முடி கொட்டும். பிள்ளைகள் தொட்டு விளையாடட்டும், முள் மட்டும் ஜாக்கிரதை.

கீழாநெல்லி வேறு ரகம், இதற்கு ஆய்வுக்கூடம் வரை போன வரலாறு உண்டு. வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிப்பது, உப்பில்லாப் பத்தியம் இருப்பது என்பது வீட்டு வைத்தியம். 1988ல் சென்னை ஆய்வாளர்கள், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய பாரூக் பிளம்பெர்க்கும் இந்த ஆராய்ச்சியில் இருந்தார், அதனால் உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம்? வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்படியானால் ஊரில் எல்லாருக்கும் குணமானதே என்று கேட்பீர்கள். ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும், பேர் செடிக்குப் போகும். பிரச்சினை அதுவல்ல. கண் மஞ்சளாகத் தெரிவதற்குப் பித்தநாளத்தில் கல்லோ கட்டியோகூடக் காரணமாக இருக்கலாம், அப்போது மோரில் கலக்கிக் குடித்துக்கொண்டு நாளைக் கடத்துவது ஆபத்து. பலதுறை மருந்தகத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு மற்றதைப் பேசுங்கள். இன்னொன்று, செடியை அடையாளம் காண்பதிலேயே தடுக்கி விழுவோம். கீழாநெல்லிக் காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு இலைக்காம்புக்கு அடியில் வரிசையாகத் தொங்கும். பக்கத்திலேயே பார்க்க அதே மாதிரி, ஆனால் சிவந்த தண்டோடு ஒன்று நிற்கும், அதன் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அது வேறு செடி.

சரி, குப்பைமேனி. இலையோடு மஞ்சளும் கொஞ்சம் உப்பும் சேர்த்து அரைத்துப் பூசினால் அரிப்புக்கும் சிரங்குக்கும் நல்லது என்பது நம் பாட்டிமார்களின் பழைய கைமருந்து. பூசுவதென்றால் முழங்கையில் ஒரு பொட்டு வைத்து ஒருநாள் பார்த்துவிட்டுப் பூசுங்கள், சிலருக்கு இதுவே தடிப்பை உண்டாக்கும். பிள்ளைகளுக்குச் சளியை வாந்தியாக எடுக்கச் சாறு புகட்டுவார்களே, அதை மட்டும் சிங்கப்பூரில் யாரும் செய்யாதீர்கள். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தச் செடி வயிற்றுக்குள் போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து போகலாம், இலங்கையில் அப்படி நடந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு 1965லிருந்தே இந்தக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைப் புரட்டினால் விடை இருக்கும். ஆண்பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம். பேரனுக்கு ஆசையாகச் சாறு பிழியும் பாட்டிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

மாயத்திலும் குப்பைமேனி சளைத்ததல்ல, ஆனால் மயங்குவது மனிதர்கள் இல்லை. வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை ஓடிவந்து முகர்ந்து, அதன்மேல் புரண்டு, கண் சொருகிக் கிடக்கும். பூனைவணங்கி என்று இதற்கு ஒரு பெயரே உண்டு. தொட்டாற்சிணுங்கி வசியத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, இதை எந்த புளோக்குக்குக் கீழேயும் பார்க்கலாம்.

எதை எடுப்பதானாலும் பூங்காவிலும் இயற்கை வனப்பகுதியிலும் கை வைக்காதீர்கள், பறித்தால் சட்டப்படி குற்றம். புளோக் புல்தரையில் களைக்கொல்லி அடித்திருக்கலாம், நாய்கள் காலைத் தூக்கியிருக்கலாம், அதையும் யோசியுங்கள். பச்சையாகச் சாப்பிட ஆசையென்றால் தேக்கா சந்தையில் ஒரு கட்டு வல்லாரை வாங்கித் துவையல் அரையுங்கள், மலாய்க்காரர்கள் பெகாகா என்று உலாமில் (பச்சை இலைக் கலவை) சேர்த்துச் சாப்பிடுவதும் அதுதான். குப்பைமேனி வேண்டுமென்றால் வீட்டிலேயே ஒரு தொட்டியில் வளர்க்கலாம், வெயில் இருந்தால் போதும். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீட்டில் உரிமத்தோடு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாமே, அப்படிப் பூனை உள்ள வீடென்றால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் மண்ணெல்லாம் கூடத்தில்தான் கிடக்கும்.