தீன் தட்டா, தண்ணிச் சட்டியா?

கனடாவில் இருக்கும் தங்கச்சி வீட்டில் பனிக்காலம் முழுக்கப் பறவைகளுக்கு விதைக் கூடு தொங்கும். அங்கே நிலம் உறைந்துவிடும், தீன் வைப்பது நியாயம். யாழ்ப்பாணத்து மாரி வேறு. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. ஈசல், மண்புழு, புல்விதை என்று வளவெல்லாம் சாப்பாடு. இங்கே கஷ்டம் மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போதுதான் தொடங்கும். வற்றாத ஆறில்லாத ஊர், குளமும் வற்றினால் மிச்சம் கிணறு. கிணற்றுக்குள் குருவி இறங்குமா? பல பறவைகள் கூடு வைப்பதும் அந்த நாட்களில்தான்.

பறவைகளுக்குத் தீன் தட்டு, தண்ணிச் சட்டி இரண்டையும் வளவில் வைத்துப் பார்த்தேன். என் ஓட்டு சட்டிக்கு.

குறுணல் அரிசி தூவினால் சிட்டுக்குருவியும் புறாவும் உடனே வரும், பிள்ளைகளுக்கும் சந்தோசம். ஆனால் தேன்சிட்டும் கரிச்சானும் அரிசியைச் சீண்டாது. சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் பூச்சிதான் ஊட்டும். காகம் பழகிவிட்டால் அரிசியோடு நிற்காது, பக்கத்துக் கூட்டு முட்டையையும் தேடும். தண்ணீருக்கோ புலுனி, மைனா, கொண்டைக்குருவி எல்லாம் வரும். அணிலும்தான், அதைத் தடுக்க முடியாது.

செலவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. முடிவு செய்ய வைத்தது பராமரிப்பு. மாரியில் தட்டு நனைந்தால் அரிசி பூஞ்சணம் பிடிக்கும். சிந்தியது இரவில் எலிக்கு. 2024 மார்கழியில் இங்கே எலிக்காய்ச்சல் பரவிய பிறகு வீட்டில் யாருக்கும் அதில் விருப்பமில்லை.

சட்டி என்றால் டெங்கு வராதா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வரக் கிட்டத்தட்ட ஒரு வாரமாவது வேண்டும். தினமும் காலையில் கொட்டினால் அதற்கு அவகாசமே இல்லை. ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை சட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதனால் தும்பால் விளிம்பை அழுத்தித் தேய்க்க வேண்டும். நம் கிணற்றுத் தண்ணி படியவிடும் வெள்ளைச் சுண்ணாம்பும் அதிலேயே போய்விடும். கொட்டும் தண்ணி கறிவேப்பிலைக்கு. மாரியில் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிடலாம், அப்போது அதற்குத் தேவையில்லை.

பிளாஸ்டிக் வேண்டாம், வழுக்கும். அகன்ற மண்சட்டியில் இரண்டு விரல் உயரத் தண்ணி, நடுவில் ஒரு சொரசொரப்பான கல், நிழலில். பற்றைக்குப் பக்கத்தில் வைத்தால் பூனை ஒளிந்திருக்கும்.

ஆறுமணிக்குருவிக்கு மட்டும் சட்டியைவிடச் சருகு முக்கியம். ஐப்பசியை ஒட்டி வந்து சித்திரை வரை நிற்கும் அது, இலைகளைப் புரட்டித்தான் பூச்சி பிடிக்கும். வளவின் ஒரு மூலையையாவது கூட்டி எரிக்காமல் விடுங்கள்.

இதெல்லாம் நல்ல தண்ணிக் கிணறு உள்ள வளவில் கண்டது. தீவுப் பக்கம் குடிதண்ணியே பவுசரில் வரும் வீட்டில் தினமும் கொட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே மாலைக்குள் எடுத்துக் கழுவிவிடும் தீன் தட்டே சரியாக இருக்கலாம்.